கரண்டு வந்த கூச்சல்

நெரெய்தா ஃபேலிஸ் யாரையும் நம்பமாட்டாள். அதனாலேயே எங்கள் தொமினிக்கன் ஊரான பராஹோனா முழுவதும் அவளை நம்பியது. முட்டை வாங்கினால் கடைக்காரன் முன்னாலேயே தண்ணீரில் போட்டுப் பார்ப்பாள். பூசை ஆறு மணிக்கு என்று பாதிரியார் சொன்னால், மணியடிப்பவனிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்வாள். அவளுடைய கணவன் போர்ட்டோ ரிக்கோவுக்குத் திருட்டுப் படகேறியபோது, கிறிஸ்துமஸுக்குள் ஆளனுப்பி அழைத்துக்கொள்வதாகச் சொன்னான். அவள் நம்பவில்லை. அவன் சொன்னபடியே ஆளனுப்பினான். வந்த ஆளை அவள் நம்பவில்லை. அப்படித்தான் இங்கேயே தங்கிவிட்டாள்.

எங்கள் ஊர் வானொலியில் மதியச் செய்தி அவளுடையது. செய்தி என்றால் யார் இறந்தார், யாருடைய ஆட்டைக் காணோம், எந்தப் பேட்டையில் கரண்டு போயிற்று. கடைசியாக, கொலை இருந்தால் கொலை. எதை வாசித்தாலும் முடிவில் 'என்கிறார்கள்' என்று ஒரு சொல்லைச் சேர்ப்பாள். "தோன் அர்ஹிமிரோ காலமானார் என்கிறார்கள்" என்று வாசித்ததற்காக அந்தக் குடும்பம் சண்டைக்கு வந்தது. இன்னொருவரைப் பற்றி அப்படி வாசித்த மறுநாள், இறந்தவரே நேரில் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவு சந்தேகப்பட்டவள் ஒன்றை மட்டும் சந்தேகப்படாமல் விட்டிருந்தாள். அதை அவளுக்கு எடுத்துச் சொன்னவள் திலேனியா மத்தோஸ்.

திலேனியா வெள்ளிக்கிழமைதோறும் நிலையத்துக்கு வந்து, சிறையிலிருக்கும் அண்ணன் லிப்ராதோவுக்கு ஒரு பாட்டுப் போடச் சொல்வாள். லா கூயா பேட்டையின் மூலைக்கடைக்காரர் ப்ளுதார்கோவைச் சுட்டுக் கொன்றதற்காக லிப்ராதோவுக்கு இருபது ஆண்டு. அதில் ஆறு போயிருந்தது. அவன் வாடகை மோட்டார்சைக்கிள் ஓட்டியவன். கொலை நடந்த அன்று மதியம், கடைவாசல் டாமினோ ஆட்டத்தில் ப்ளுதார்கோ காயை மறைத்துவிட்டார் என்று எல்லோர் முன்னாலும் மேசையைக் கவிழ்த்திருந்தான். அந்தியில் ப்ளுதார்கோ வாசற்படியில் செத்துக் கிடந்தார். ஓடியவன் லிப்ராதோதான், தெருவிளக்கில் முகத்தைப் பார்த்தேன் என்று எதிர்வீட்டுத் தையல்காரி விந்தா சாட்சி சொன்னாள். வேறு சாட்சி இல்லை. வேறு சாட்சி வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. தீர்ப்பை வானொலியில் வாசித்தவள் நெரெய்தா. அன்று மட்டும் 'என்கிறார்கள்' சேர்க்கவில்லையாம்.

ஒரு வெள்ளிக்கிழமை திலேனியா பாட்டு வேண்டாம் என்றாள். புதிதாக ஏதாவது ஒரு உண்மை கிடைத்தால்தான் வழக்கைத் திரும்பத் திறக்க முடியும், இல்லாவிட்டால் மீதிப் பதினான்கு வருடத்தையும் அண்ணன் உள்ளேயே கழிக்க வேண்டியதுதான் என்று வக்கீல் கைவிரித்துவிட்டாராம்.

"முட்டையைக்கூட நம்ப மாட்டீங்களே தோன்யா," என்றாள் திலேனியா, பெரியவளுக்குத் தரும் மரியாதைச் சொல்லை விடாமல். "எங்கண்ணன் கேஸை மட்டும் ஏன் அப்படியே முழுங்கிட்டீங்க?"

நெரெய்தாவுக்கு வலித்தது. அழுது கேட்டிருந்தால் சந்தேகப்பட்டிருப்பாள். குத்திக்காட்டியதால் உட்காரச் சொன்னாள். கொலை நடந்தது எந்த நாள் என்று கேட்டாள். தேதி திலேனியாவுக்குச் சட்டென்று வரவில்லை.

"பேஸ்பால் இறுதியாட்டம் நடந்துச்சே, அன்னைக்கு."

நெரெய்தா கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தாள்.

நீதிமன்றத்துக்குத் தேதி உண்டு. எங்களுக்கு ஆட்டம் உண்டு. இரண்டும் ஒரே நாள்தான் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இறுதியாட்டத்தன்று மதியமே துணைமின்நிலையத்தில் எதுவோ வெடித்து ஊர் முழுக்க இருண்டது. மறுநாள் விடியும்வரை கரண்டு வரவில்லை. பராஹோனாவில் ஒருவரும் அந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. எங்கள் நிலையத்தில் ஜெனரேட்டர் இருந்ததால் நெரெய்தா வர்ணனையை ஒலிபரப்பினாள். ஊர் பேட்டரி ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டது. டாக்சிக்காரர்கள் கார்க்கதவைத் திறந்துவைத்து ரேடியோவை ஊருக்குத் தர்மம் செய்தார்கள். அப்படிப்பட்ட நாளின் அந்தியில் விந்தா எந்தத் தெருவிளக்கில் முகத்தைப் பார்த்தாள்?

நெரெய்தா வக்கீலிடம் போய் விந்தாவின் வாக்குமூலத்தைக் கேட்டாள். வெளிச்சம் இருந்ததா என்று நீதிபதி முறைப்படி கேட்டிருந்தார். முதலில் இருட்டாக இருந்தது, அப்புறம் கரண்டு வந்தது, தெருவே கத்தியது, அப்போது பார்த்தேன் என்று விந்தா சொல்லியிருந்தாள். ஆமாம், கத்தினோம் என்று அண்டைவீட்டார் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். நீதிபதி மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்கவும் மாட்டார். கரண்டு வந்தால் இந்த ஊரில் கைக்குழந்தையிலிருந்து காது கேட்காத கிழவர்வரை 'வந்துடுச்சு!' என்று கத்துவார்கள். நீதிபதியும் தன் வீட்டில் கத்துகிறவர்தான். அந்தக் கூச்சலைக் கேட்ட பிறகு விளக்கு எரிகிறதா என்று நிமிர்ந்து பார்ப்பவன் வெளிநாட்டுக்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

ஆக, கூச்சல் உண்மை. கரண்டுதான் வரவில்லை. கரண்டு வராத நாளில் ஒரு தெரு ஏன் கத்தியது என்பதுதான் நெரெய்தாவுக்குக் கிடைத்த கேள்வி.

மறுநாளிலிருந்து லா கூயாவில் டாமினோ பார்க்க உட்கார்ந்தாள். ப்ளுதார்கோவின் மருமகன் இப்போது கடையை நடத்துகிறான். மேசை அதே இடத்தில் இருக்கிறது. சும்மா பார்ப்பதற்காக நெரெய்தா வந்திருக்கிறாள் என்பதை அங்கே ஒருவரும் நம்பவில்லை. அவளும் அவர்கள் சும்மா ஆடுவதாக நம்பவில்லை. பேச்சு மழையைத் தொட்டு, மீன்விலையைத் தொட்டு, பேஸ்பாலுக்கு வந்தது. அவளேதான் கொண்டுவந்தாள். அந்த இறுதியாட்டத்தில் கடைசி ஆள் எப்படி அவுட் ஆனான் என்று பொதுவாகக் கேட்டுவைத்தாள்.

விந்தாவின் கணவர் கொன்ஃபெசோர் நல்ல மனிதர். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாதவர். கேட்சர் முகமூடியைக் கழற்றி எறிந்ததையும், ஓடிவந்தவன் வயிற்றால் சறுக்கியதையும், அவன் விரல் தொடுவதற்கு மயிரிழை முன்னால் கையுறை விழுந்ததையும் எழுந்து நின்று நடித்தே காட்டினார். அன்று வர்ணனையாளர் அந்தக் கணத்தில் உணர்ச்சிவசப்பட்டு 'அம்மா, அம்மா' என்று தன் தாயைக் கூப்பிட்டாரே தவிர, என்ன நடந்தது என்று சொல்லவேயில்லை. அதை ஒலிபரப்பியவள் நெரெய்தா.

"நல்லா பாத்திருக்கீங்க," என்றாள். "எங்க பாத்தீங்க?"

கொன்ஃபெசோரின் கையிலிருந்த காய் அந்தரத்தில் நின்றது.

"தலைநகர்ல. மச்சான் வீட்டுல."

"அன்னைக்குக் கொலை நடந்தப்போ இங்க இருந்தேன்னு கோர்ட்டுல சொன்னீங்களே."

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் தங்கள் காய்களை அன்றுதான் முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒருவர் இருமினார். ஆட்டம் அத்தோடு கலைந்தது. டாமினோ நான்கு பேர் ஆட்டம். அன்று கடைக்காரனையும் சேர்த்து ஐந்து பேர் அதில் தோற்றார்கள்.

அடுத்த நாள் பிற்பகல் விந்தாவின் வீட்டுக்குப் போனாள். காலையிலிருந்தே கரண்டு இல்லை. பாவாடை ஒன்று தைக்க வேண்டும் என்று துணியோடு போனாள்; துணி நிஜம், பாவாடை பொய். விந்தா முகம் கொடுத்துத்தான் பேசினாள். கணவர் முந்தின நாள் நடந்ததைச் சொல்லியிருப்பார் என்பது அவள் அதிகமாகச் சிரித்ததிலேயே தெரிந்தது. வெயிலில் வந்தவளுக்குச் சினோலாப் பழச்சாறு கொண்டுவந்து வைத்தாள். வந்தவர் எதிரியானாலும் குடிக்கத் தராமல் அனுப்பும் வழக்கம் இங்கே இல்லை.

தம்ளரில் ஐஸ்கட்டி மிதந்தது. ஓரம்கூடக் கரையாத ஐஸ்கட்டி.

நெரெய்தா குடிக்காமல் அதையே பார்த்தாள். விந்தாவும் அதைப் பார்த்தாள். பார்த்த பிறகு, ஐஸ் வாங்கிவந்தது என்றாள். எங்கே என்று நெரெய்தா கேட்கவில்லை. ஊரில் ஐஸ் விற்பவன் அன்று கடை திறக்கவில்லை என்று அதே மதியம் வானொலியில் வாசித்தவள் அவள்தான்.

வெளியே வந்து அந்த வரிசை வீடுகளின் பின்பக்கமாக நடந்தாள். கூரைக்குக் கூரை ஒரு கறுப்புக் கம்பி மாமரக் கிளைகளுக்குள் ஒளிந்து ஓடியது. கடைசியில், மதிலுக்கு அந்தப்பக்கம் இருக்கும் தனியார் மருத்துவமனைக்குப் போகிற லைனில், கம்பத்தின் உச்சியில், கொக்கியாக மாட்டியிருந்தது. அந்த லைனில் மட்டும் இரவு பகலாகக் கரண்டு நிற்பதில்லை. ஊர் முழுக்க இருண்டாலும் நோயாளிகளுக்கு வெளிச்சம் வேண்டுமல்லவா? லா கூயாக்காரர்களும் தங்களை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊரில் கொக்கி போடாத பேட்டை இல்லை. ஆனால் கொக்கியைச் சுத்தமாக மாட்டத் தெரிந்தவர்கள் சிலரே. லா கூயாவில் அது யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மோட்டார்சைக்கிள் ஓட்டாத நேரத்தில் கம்பம் ஏறியவன் ஒருவன்தான்.

வறுத்த மீனும் பச்சை வாழைக்காயும் எடுத்துக்கொண்டு சிறைக்குப் போனாள். வாசல் காவலன் மீனின் வயிற்றைக் கம்பியால் குத்திப் பார்த்தான். அவளுக்குப் பிடித்த ஒரே அரசு ஊழியர் அவன்தான்.

அந்த நேரம் வீட்டில் தூங்கினேன் என்பது நீதிமன்றத்தில் லிப்ராதோ சொன்ன கதை. அதையே அவளிடமும் சொன்னான்.

"இறுதியாட்டத்தன்னைக்குத் தூங்கின ஒரே தொமினிக்கன் நீதான்," என்றாள் நெரெய்தா. "கம்பத்துல இருந்த. கொக்கியை மாட்டின. ஏழெட்டு வீட்டுல டிவி ஓடுச்சு. கரண்டு வந்துடுச்சுன்னு அவங்க கத்தினது உனக்காகத்தான். அந்தக் கூச்சலை வச்சே உன்னை உள்ள தள்ளியிருக்காங்க."

லிப்ராதோ நெடுநேரம் மீன்முள்ளைத் தேடினான்.

"துப்பாக்கிச் சத்தம் கேட்டு கொஞ்ச நேரத்துலதான் கொக்கி மாட்டுச்சு," என்றான். "கீழ எல்லாரும் நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. சீக்கிரம்டா, ஆட்டம் முடியப்போவுதுன்னு திட்டினாங்க. அவங்களே வந்து சொல்லுவாங்கன்னு இருந்தேன், தோன்யா. ஒருத்தரும் சொல்லல. நான் சொல்லி, அவங்க இல்லைன்னா, கொலைகாரனோட பொய்யன்னும் பேரு."

ஆக ஒரு பேட்டை முழுவதற்கும் தெரிந்த உண்மை அது. யாரும் அவனுக்கு எதிராக இல்லை. கேட்டால் நல்ல பையன் என்பார்கள். அவன் கம்பத்தில் இருந்தான் என்று சொன்னால் கம்பம் வெளியே தெரியும். கம்பம் தெரிந்தால் கொக்கி போகும். கொக்கி போனால் குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி, விந்தாவின் தையல் மிஷின் எல்லாம் நின்றுவிடும். பொய் சொல்ல வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. எதையும் சொல்லாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். விந்தாவுக்கு மட்டும் அந்த வசதி கிடைக்கவில்லை. அவள் ஜன்னலில் நின்றிருந்தவள். ஏதாவது சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

அந்தி இருட்டும் நேரத்தில் நெரெய்தா மறுபடியும் அவள் வீட்டுக்குப் போனாள். தெருவில் அன்றும் கரண்டு இல்லை. இந்த முறை பாவாடைக் கதையெல்லாம் இல்லை. கம்பியைப் பார்த்துவிட்டேன், விளக்கைப் போடு என்றாள். விந்தா சற்று நின்றாள். பிறகு ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டாள். அந்த நாளிலும் இப்படித்தானா என்று நெரெய்தா கேட்டாள். கொக்கி முந்தின நாளே வந்துவிட்ட வீடு இது ஒன்றுதான், மற்ற வீடுகளுக்குத்தான் அன்று மாட்டினார்கள் என்றாள் விந்தா. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் ஜன்னலைத் திறந்தேன் என்றாள்.

"இப்பவும் திற," என்றாள் நெரெய்தா. "கடைவாசல்ல ஒரு ஆளை நடக்கச் சொல்லியிருக்கேன். யாருன்னு சொல்லு."

விந்தா விளக்குக்கு முதுகைக் காட்டி ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

"ரொட்டிக்காரன். அந்த இழுத்து இழுத்து நடக்குற நடையே சொல்லுதே."

"நிச்சயமா?"

"கோர்ட்டுலகூடச் சொல்லுவேன்." சொன்னபிறகு அவளுக்கே அது பிடிக்கவில்லை.

"அது கொன்ஃபெசோர்."

விந்தா முதலில் சிரித்தாள். தொப்பி போட்டால் அவர் அப்படித்தான் தெரிவார் என்றாள். அவர் தொப்பி போடவில்லை என்றாள் நெரெய்தா. வெளியே அந்த மனிதர், போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் கடைவாசலில் நின்றார். முப்பது வருடம் பக்கத்தில் படுத்தவளுக்கு அவர் ஒரு கறுப்பு உருவம்.

விந்தா கையை நீட்டி விளக்கை அணைத்தாள். அறை இருண்டது. கொஞ்சம் கொஞ்சமாகத் தெரு வெளியே வந்தது. கடை, மேசை, வழுக்கைத்தலையைத் தடவிக்கொண்டு நிற்கும் கணவர்.

"இப்பத் தெரியுது," என்றாள்.

கொலை நடந்த நாளின் மதியச் சண்டையைப் பார்த்திருந்தாள். ஆள் ஓடுவதைப் பார்த்தாள். முகம் எப்போது வந்தது என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. போலீஸ்காரர் லிப்ராதோவா என்று கேட்டபோதா, ஆமாம் என்று அவள் சொன்ன பிறகா? வீட்டில் விளக்கு எரிந்தது என்று சொல்ல முடியாது. பார்த்ததற்கு ஒரு விளக்கு வேண்டும். தெருவிளக்கை ஏற்றிவைத்துவிட்டாள். ஆறு வருடமாக அது அவள் மனதில் எரிந்துகொண்டிருந்ததால், எரிந்ததாகவே ஆகிவிட்டது.

ஆனால் வக்கீலிடம் வந்து சொல்ல மாட்டேன் என்றாள். பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடக்கின்றன. மிஷின் நின்றால் வீடு நிற்கும். வரிசையே தன்னைச் சபிக்கும். நெரெய்தா ஒன்றும் வற்புறுத்தவில்லை. நீ சொல்லாவிட்டால் நாளை மதியம் நான் சொல்வேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

இது எங்கள் நிலைய முதலாளி தோன் மில்சியாதெஸின் காதுக்கு அவளுக்கு முன்னாலேயே போய்விட்டது. காலையில் அவளுக்குத் தன் கையாலேயே காப்பி ஊற்றினார். அதுவே சந்தேகத்துக்குரியது.

"கொலையைப் பத்திச் சொல்லு, மகளே. கோர்ட்டைத் திட்டு. கம்பியை மட்டும் விட்டுடு."

"கம்பியை விட்டா கேஸே இல்லையே, தோன். உங்களுக்கு என்ன? நமக்குத்தான் ஜெனரேட்டர் இருக்கே."

அவர் சர்க்கரை போட்டார். ஏற்கெனவே போட்ட தம்ளரில் மறுபடியும் போட்டார். நெரெய்தா எழுந்து பின்கட்டுக்குப் போய் ஜெனரேட்டர் கொட்டகையைத் திறந்தாள். இயந்திரத்தின் மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, எழுந்திருக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தது. சுவரேறி வந்த கறுப்புக் கம்பி எங்கே போகிறது என்று அவள் பார்க்கவில்லை. இத்தனை வருடம் அவள் மின்திருட்டைக் கண்டித்து வாசித்ததெல்லாம் எந்தக் கரண்டில் என்று புரிந்துவிட்டது.

அன்று இறப்புச் செய்திகளை வாசித்தாள். காணாமல்போன கழுதை ஒன்றை வாசித்தாள். பிறகு அதே குரலில் ஆரம்பித்தாள்: இறுதியாட்டத்தன்று லா கூயாவில் கரண்டு வரவில்லை; கொக்கி வந்தது; அதை மாட்டியவன் கம்பத்தின் மேல் இருந்தபோதுதான் கீழே கொலை நடந்தது; பேட்டையே அவனைப் பார்த்துக்கொண்டு நின்றது; அதே மாதிரி ஒரு கொக்கியிலிருந்துதான் இந்த மைக்குக்கும்...

அதற்குள் தோன் மில்சியாதெஸ் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். கரண்டு போய்விட்டது என்று நினைத்து ஊர் வழக்கப்படி மின்வாரியத்தைத் திட்டியது. லா கூயா மட்டும் திட்டவில்லை. அவர்களுக்குக் கேட்க வேண்டியது கேட்டுவிட்டது.

மின்வாரிய வண்டி வருவதற்கு முன்னால், வெயில் சாய்வதற்குள், வரிசை வீட்டுக்காரர்கள் தாங்களே ஏணி வைத்துக் கம்பியை இறக்கினார்கள். அபராதத்துக்குப் பயம், வேறொன்றும் இல்லை. நெரெய்தா அந்தத் தெருவில் நடந்தபோது கதவுகள் சாத்தப்பட்டன. ஒருத்தி வாசலில் வாளித் தண்ணீரை, அவள் மேல் படாத அளவுக்குக் கவனமாக, வீசி ஊற்றினாள். ஆனால் கம்பி இறங்கிய பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. மறைக்க ஒன்றுமில்லாமல் போனதும், உண்மை மலிந்துவிட்டது. நானும் பார்த்தேன், நானும் பார்த்தேன் என்று ஆளாளுக்கு வந்தார்கள். முதலில் வக்கீலைத் தேடிப் போனவள் விந்தாதான். மிஷின்தான் நின்றுவிட்டதே, வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய என்று போகும் வழியில் கணவரிடம் சொன்னாளாம். அது காரணமா சாக்கா என்று நெரெய்தா இன்றுவரை முடிவு செய்யவில்லை.

வழக்கைத் திறந்தார்கள். கூச்சல் போட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, எதற்காகக் கூச்சல் போட்டோம் என்று சொன்னார்கள். இறுதியாட்டம் நடந்த நாளா என்று கேட்டுவிட்டு நீதிபதி சிறிது நேரம் கூரையைப் பார்த்தார். அன்று எங்கே உட்கார்ந்து ரேடியோ கேட்டோம் என்று அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். லிப்ராதோவை விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்தவுடன் அவன் நிலையத்துக்குத்தான் வந்தான், நன்றி சொல்ல. திலேனியா பேசிக்கொண்டே இருந்தாள்; பிறகு அம்மாவைப் பார்க்கப் போய்விட்டாள். அவன் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெரெய்தா மகிழ்ச்சியாகத்தான் இருந்தாள் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் கேட்டாள்.

"அந்தக் கம்பத்து உச்சியிலேருந்து பாத்தா கடைவாசல் தெரியுமா?"

"தெரியும்."

"துப்பாக்கிச் சத்தம் கேட்டப்ப நீ இன்னும் கொக்கியை மாட்டல. உன்னைச் சுத்தி ஒரு விளக்கும் இல்ல. திரும்பிப் பாத்தியா?"

"இருட்டு, தோன்யா."

"இருட்டுல நின்னு பாக்குறவனுக்கு இருட்டு தெரியும், லிப்ராதோ."

அவன் காப்பியை ஒரே மடக்கில் குடித்தான். தம்ளரை மேசை விளிம்பில் வைத்து, விழாத இடத்துக்கு நகர்த்தினான்.

"வெளிய வந்தாச்சு," என்றான். "எனக்கு அது போதும்."

"ப்ளுதார்கோவுக்கு?"

அவன் எழுந்துகொண்டான். நன்றி என்று மறுபடியும் சொன்னான். கதவருகில் நின்று, திரும்பாமலே, இனிமேல் அந்திக்கு மேல் லா கூயாப் பக்கம் வரவேண்டாம், ஜனங்கள் உங்கள்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்றான். அது அக்கறையா, எச்சரிக்கையா, அல்லது இன்னும் அந்தத் தெருவில் டாமினோ ஆடிக்கொண்டிருக்கும் ஒருவனுக்காகச் சொன்னதா என்று நெரெய்தாவுக்குப் பிடிபடவில்லை.

அன்று வெயில் சாய்ந்ததும் அவள் லா கூயாவுக்குப் போனாள். மேசையைச் சுற்றி நான்கு பேர் இருந்தார்கள். எல்லோரும் மாலை வணக்கம் சொன்னார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, யார் முதலில் முகத்தைத் திருப்புகிறார்கள் என்று பார்க்க உட்கார்ந்தாள்.